பொருந்தினால் வேலை செய்யும்

முதலியார்பேட்டை
3 ஜூன் 2024

கோபிநாத் சார் அவர்களுக்கு,

இது மூன்றாவது கடிதம். முதல் இரண்டையும் சாதாரணத் தபாலில் போட்டேன். கிடைக்கவில்லை என்று சொல்லிவிட உங்களுக்கு வசதியாகப் போயிற்று. அதனால் இதை ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். நீங்கள் கையெழுத்துப் போட்டு வாங்கிய அட்டை என் கைக்குத் திரும்பி வரும்.

விஷயம் பழையதுதான். மூலக்குளத்தில் உங்கள் கணினிப் பயிற்சி மையத்தில் 2008 ஜூன் முதல் 2022 மார்ச் வரை வேலை பார்த்தேன். ஹார்டுவேர் வகுப்பு முழுவதையும் நான்தான் எடுத்தேன். இதற்கு எனக்கு ஒரு அனுபவச் சான்றிதழ் வேண்டும். அதில் "பயிற்றுநர்" என்ற சொல் இருக்க வேண்டும்.

கடலூர் சாலையில் ஒரு தனியார் தொழிற்பயிற்சிப் பள்ளியில் புதிதாக ஹார்டுவேர் பிரிவு தொடங்குகிறார்கள். ஒரே ஒரு பயிற்றுநர் இடம். நாற்பத்தைந்து வயது வரைதான் எடுப்பார்கள். எனக்கு நாற்பத்து நான்கு முடிந்துவிட்டது என்று உங்களுக்குத் தெரியும், நம் இருவருக்கும் ஒரே வயதுதான். ஜூலை 5ஆம் தேதிக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். இதை விட்டால் இன்னொருவர் செல்போன் கடையின் ஓரத்தில் மேசை போட்டு லேப்டாப் கழற்றிக்கொண்டே கிழவனாகிவிடுவேன்.

போனில் பேசியிருக்கலாமே என்று கேட்பீர்கள். உங்கள் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறேன். உங்கள் குரலைக் கேட்டால் அன்றைக்கு எனக்கு வேலையில் கை ஓடுவதில்லை. இந்தக் கையை வைத்துத்தான் சார் நான் பிழைக்கிறேன்.

இப்படிக்கு,
செம்மல், த/பெ கண்ணையன்


மூலக்குளம்
10 ஜூன் 2024

அன்புள்ள செம்மல்,

உன் பதிவுத் தபால் கிடைத்தது. கோர்ட்டிலிருந்து ஏதோ வந்துவிட்டதென்று வீட்டில் நிர்மலா பயந்தே போனாள். மூன்று கிலோமீட்டர் தள்ளி இருந்துகொண்டு இதெல்லாம் எதற்கு? ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வந்திருந்தால் ஒரு காபி குடிக்கும் நேரத்தில் முடிந்திருக்கும்.

சான்றிதழ் தருவதில் எனக்குத் தடையில்லை. ஆனால் என் பதிவேட்டில் நீ "உதவியாளர்" என்றுதான் இருக்கிறாய். டிப்ளமாவைப் பாதியில் விட்டவனைப் பயிற்றுநர் என்று போட்டால் மையத்துக்கு அங்கீகாரம் கிடைக்காது என்று அப்போதே உன்னிடம் சொன்னேன். நீயும் தலையாட்டினாய். உதவியாளர் என்று நாளைக்கே தருகிறேன்.

நீ கோபித்துக்கொண்டு போனதைப் பற்றியும் ஒரு வார்த்தை. வகுப்பில் நான் சொன்னது ஒரு பேச்சுக்கு. சிரிப்பதற்காகச் சொன்னதை இரண்டு வருடமாக வயிற்றில் வைத்துக்கொண்டிருப்பவன் நீ ஒருவன்தான். உன் அப்பாவை ராத்திரியோடு ராத்திரியாக ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கு யார் காரில் கொண்டு போனது என்பதும் உனக்கு நினைவிருக்கும்.

போகட்டும். உன்னிடம் ஒரு உதவி. மூலையில் கிடந்த அந்தப் பழைய கணினி இப்போது கிளம்புவதே இல்லை. அதில்தான் நீ பாடக்குறிப்பு அடித்து வைத்திருந்தாய். அதைப் புத்தகமாகப் போட ஒரு அச்சகத்தில் பேசியிருக்கிறேன். தமிழில் ஹார்டுவேர் பாடம் சரியாக இல்லை, போட்டால் போகும் என்கிறார்கள். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, நேரு வீதியில் ஒரு கேபிளும் வாங்கி வந்தேன். கேபிளின் வாய் சின்னது, டிஸ்க்கின் பின்னால் ஊசி ஊசியாக இரண்டு வரிசை நிற்கிறது. எங்கே சொருகுவது? கடைப் பையனிடம் காட்டினால், "இதெல்லாம் மியூசியத்துல குடுங்க சார்"ன்னு சிரிக்கிறான். நீ இரண்டு வரி எழுதினால் போதும்.

அன்புடன்,
கோபிநாத்


முதலியார்பேட்டை
15 ஜூன் 2024

கோபிநாத் சார் அவர்களுக்கு,

ஒரு பேச்சுக்குச் சொன்னேன் என்கிறீர்கள். மறந்திருந்தால் நானே எழுதுகிறேன். அன்று ஐ.டி.இ. டிஸ்க் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு கேபிளில் இரண்டு டிஸ்க் மாட்டினால் ஒன்றுக்கு மாஸ்டர், இன்னொன்றுக்கு ஸ்லேவ் என்று பெயர். நீங்கள் யாரோ இரண்டு விருந்தாளிகளோடு உள்ளே வந்தீர்கள். "இங்க பாருங்க, நான் மாஸ்டரு, இவன் ஸ்லேவு. இவங்கப்பன் எங்கப்பாவுக்கு ஸ்லேவு. பரம்பர கனெக்‌ஷன், கழட்டவே முடியாது" என்றீர்கள். இருபத்து மூன்று பிள்ளைகள் சிரித்தார்கள். கண் மருந்து வாங்க டவுனுக்கு வந்த என் அப்பா அன்று கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவரும் சிரித்தார். பிள்ளைகள் சிரித்ததை நான் பொறுத்துக்கொண்டிருப்பேன்.

ஜிப்மருக்குக் கார் கொடுத்தது உண்மை. அதற்கு அப்போதே நன்றி சொன்னேன். அதை இன்னும் எத்தனை முறை வசூலிப்பீர்கள்?

இனி உங்கள் டிஸ்க். உங்களிடம் இருப்பது ஐ.டி.இ., வாங்கி வந்தது சாட்டா. சம்பந்தமே இல்லை. ஐ.டி.இ.யில் நாற்பது ஊசி, அகலமான நாடா போன்ற கேபிள், பவருக்குத் தடித்த நாலு முள் பிளக். சாட்டாவில் எல் எழுத்து மாதிரி மடங்கிய இரண்டு வாய். சின்னது தகவலுக்கு, பெரியது பவருக்கு. இரண்டாயிரத்துப் பத்துக்குப் பிறகு வந்த மெஷின்களில் சாட்டாதான். பதினான்கு வருடம் பயிற்சி மையம் நடத்தியவருக்கு இதை நான் எழுத வேண்டியிருக்கிறது.

ஐ.டி.இ. டு யு.எஸ்.பி. அடாப்டர் என்று கேட்டு வாங்குங்கள். தனியாகப் பவர் அடாப்டர் சேர்ந்து வருவதாகப் பாருங்கள், யு.எஸ்.பி.யில் வரும் மின்சாரம் அந்தப் பழைய டிஸ்க்கைச் சுற்ற வைக்கப் போதாது. அதோடு இன்னொன்று. டிஸ்க்கின் பின்பக்கம் சின்னதாகக் கறுப்புத் தொப்பி போல ஒரு ஜம்பர் இருக்கும். அந்த மெஷினில் இது இரண்டாவது டிஸ்க்காக இருந்ததால் தொப்பி இரண்டாவது இடத்தில் இருக்கிறது. அதை இடுக்கியால் பிடுங்கி முதல் இடத்தில் போட வேண்டும். டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் தாளிலேயே படம் இருக்கிறது. அது இடம் மாறாவிட்டால் நீங்கள் எத்தனை அடாப்டர் வாங்கினாலும் கணினி அதைக் கண்டுகொள்ளாது.

என் குறிப்பில் மாஸ்டர், ஸ்லேவ் என்று இருக்காது. "மூத்தது", "இளையது" என்று எழுதியிருக்கிறேன். ஒரே வீட்டில் இரண்டு பேரும் நான்தான் மூத்தவன் என்று நின்றால் வீடு நடக்காது, இரண்டையுமே மெஷின் பார்க்காது என்று சொன்னால் பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியும்.

இவ்வளவையும் எழுதியது சான்றிதழுக்காக. உதவியாளர் என்று தந்தால் அதைக் கடலை மடிக்கத்தான் பயன்படுத்த முடியும். அங்கே பயிற்றுநர் அனுபவம் கேட்கிறார்கள்.

செம்மல்


மூலக்குளம்
22 ஜூன் 2024

அன்புள்ள செம்மல்,

திறந்துவிட்டது! நீ சொன்னபடி தொப்பியை மாற்றினேன். முதல் தடவை கீழே விழுந்து கட்டிலுக்கு அடியில் போய்விட்டது, நிர்மலாதான் துடைப்பத்தால் கூட்டி எடுத்துக் கொடுத்தாள். அப்புறம் "டிங்" என்று ஒரு சத்தம். நூற்று எண்பது பக்கமும் இருக்கிறது.

இரண்டு நாளில் முழுவதையும் படித்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்குப் பொறாமையாக இருந்தது. ஐ.டி.இ. ஏன் மெதுவாகப் போகிறது என்று எழுதியிருக்கிறாயே: பதினாறு பேர் மூட்டையோடு வரப்பில் வரிசையாகக் கைகோத்து நடக்க வேண்டும், ஒருவன் முந்தினால் கூட மூட்டை சரியும், அதனால் யாருமே வேகமாக நடக்க முடியாது, சாட்டா ஒரே ஆள், அவன் ஓடலாம் என்று. நான் இன்ஜினீயரிங் படித்தேன், எனக்கு யாரும் இப்படிச் சொல்லித் தரவில்லை. நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம், அப்போதும் நீதான் எனக்குக் கணக்கு சொல்லிக் கொடுப்பாய். அதையெல்லாம் நான் மறக்கவில்லை.

ஆனால் இதையும் நீ யோசிக்க வேண்டும். கணினி என்னுடையது. மின்சாரம் என்னுடையது. நான் சம்பளம் கொடுத்த நேரத்தில் அடித்தது. அச்சுச் செலவும் என்னுடையது. ஆகவே புத்தகம் என் பெயரில்தான் வரும். உனக்கு நன்றி என்று முன்னுரையில் ஒரு வரி போடுகிறேன். அந்த மூத்தது, இளையது மட்டும் நர்சரி ரைம்ஸ் மாதிரி இருந்தது. "ஆண்டான்", "அடிமை" என்று மாற்றிவிட்டேன். ஆங்கிலத்தில் உள்ளதற்கு நேரான சொல் அதுதானே. இதில் மனசை வருத்திக்கொள்ளாதே.

உன் குறிப்பு சாட்டாவோடு நின்றுவிட்டது. இப்போது வரும் புது டிஸ்க்குகளை எல்லோரும் எம்.2, என்.வி.எம்.இ. என்கிறார்கள். அதற்கு ஒரு பக்கம் நீ எழுதித் தந்தால் புத்தகம் முழுமையாகிவிடும்.

இன்னொரு தாளும் வைத்திருக்கிறேன். "இந்நூலில் எனக்கு எந்த உரிமையும் இல்லை" என்று எழுதியிருக்கிறது. அச்சகத்தில் கேட்கிறார்கள். பத்திரம் பதிய நொத்தேர் வீட்டுக்கெல்லாம் அலைய வேண்டாம், வெறும் கையெழுத்துப் போதும். அது வந்த அன்றே பயிற்றுநர் என்று சான்றிதழ் தருகிறேன். பதிவேட்டை நான் பார்த்துக்கொள்கிறேன். தேதி 5 என்று எழுதியிருந்தாய், சீக்கிரம் அனுப்பு.

அன்புடன்,
கோபிநாத்


முதலியார்பேட்டை
26 ஜூன் 2024

சார்,

கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். போடும்போது கலைமகள் பக்கத்தில் நின்றாள். என் மனைவி அதிகம் பேசாதவள். "பிள்ளய பெத்து பேரு வைக்க அடுத்தவன்கிட்ட குடுக்குற" என்று மட்டும் சொன்னாள். நான் அவளை அதட்டினேன். உங்களை அதட்ட முடியாதவன் அவளைத்தானே அதட்ட முடியும்.

ஆண்டான், அடிமை. நேரான சொல்தான். உங்களுக்கு எங்கே தேட வேண்டியிருக்கிறது, வீட்டிலேயே இருக்கிற சொல்.

எம்.2 பற்றி ஒரு பக்கம் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு எதற்குச் சார் ஒரு பக்கம்? குச்சி மாதிரி சின்னதாக இருக்கும், கேபிளே வேண்டாம், போர்டிலேயே படுக்க வைத்து ஒரு திருகாணி போட்டால் முடிந்தது. வகை பார்க்க வேண்டியதில்லை, பொருந்தினால் வேலை செய்யும் என்று எழுதிவிடுங்கள். உங்களுக்கு எல்லாமே அப்படித்தானே அமைந்தது. போய் உட்கார்ந்தீர்கள், பொருந்தியது, வேலை நடந்தது.

சான்றிதழை அனுப்பி வையுங்கள்.

செம்மல்


மூலக்குளம்
1 ஜூலை 2024

அன்புள்ள செம்மல்,

சான்றிதழ் இத்துடன். பயிற்றுநர், பதினான்கு ஆண்டுகள், நன்னடத்தை, எல்லாம் போட்டு முத்திரையும் வைத்திருக்கிறேன். வாக்குக் கொடுத்தால் காப்பாற்றுகிறவன் நான். கலைமகள் வருத்தப்பட்டாள் என்று எழுதியிருந்தாய். வேலை கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்.

நீ கோபத்தில் எழுதினாலும் விஷயத்தை விட்டுக்கொடுக்கவில்லை, அதற்குச் சந்தோஷம். நான் ஏதோ பெரிய சிக்கல் என்று பயந்திருந்தேன். எம்.2வில் வகை பார்க்க வேண்டியதில்லை, பொருந்தினால் வேலை செய்யும். நாலு சொல்லில் முடித்துவிட்டாய். அதைத் தடித்த எழுத்தில் கட்டம் கட்டிப் போடச் சொல்லியிருக்கிறேன். உன் வழக்கமான குத்தல் வரிகளை மட்டும் எடுத்துவிட்டேன்.

நல்ல செய்தி ஒன்று. கடலூர் சாலைப் பள்ளியைப் பற்றி எழுதியிருந்தாயே, நேரில் போய்ப் பார்த்தேன். முதல்வர் கமலவேணி என்று ஒரு அம்மையார். அச்சகத்தாரின் மாதிரிப் படியைக் காட்டினேன். புதிய பிரிவுக்கு இதையே பாடப்புத்தகமாக வைத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். எல்லாம் நீ சொன்னதால் வந்தது.

அன்புடன்,
கோபிநாத்


முதலியார்பேட்டை
4 ஜூலை 2024

சார்,

சான்றிதழ் வந்தது. விண்ணப்பத்தை நேரில் போய்க் கொடுத்துவிட்டேன். இது அதைப் பற்றியதல்ல. தயவுசெய்து இந்தக் கடிதத்தைப் படித்த கையோடு அச்சகத்துக்குப் போன் செய்யுங்கள்.

அந்த வரி தப்பு. நான் அதைப் பாடமாக எழுதவில்லை. உங்களைக் குத்துவதற்காக எழுதினேன். அதற்கு அடுத்த வரியைப் படித்தாலே தெரிந்திருக்குமே. குத்தலை எடுத்துவிட்டேன் என்கிறீர்கள். சார், அந்தக் கடிதத்தில் முதலிலிருந்து கடைசி வரை குத்தல்தான்.

சரியானதை எழுதுகிறேன். எம்.2 என்பது உருவத்தின் பெயர், பேசும் மொழியின் பெயர் அல்ல. ஒரே குச்சி உருவத்தில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று சாட்டா. பழைய சாட்டாவின் வேகம்தான், நொடிக்கு ஐந்நூற்றைம்பது எம்.பி.யைத் தாண்டாது. இன்னொன்று என்.வி.எம்.இ. அது சாட்டா வழியாகப் போகாது, பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் என்ற பெரிய சாலையில் ஏறி மூவாயிரம், ஏழாயிரம் என்று போகும். போர்டில் இருக்கும் குழியும் அப்படித்தான். சில குழி சாட்டாவுக்கு மட்டும், சில என்.வி.எம்.இ.க்கு மட்டும், சில இரண்டுக்கும். சாட்டா குச்சியில் பெரும்பாலும் இரண்டு வெட்டு இருக்கும், என்.வி.எம்.இ.யில் ஒரு வெட்டு. இரண்டு வெட்டுள்ள குச்சி என்.வி.எம்.இ. குழியில் அழகாகப் போய் உட்காரும். திருகாணியும் போடலாம். ஆனால் அந்தக் குழியில் சாட்டாவுக்கு வழி இல்லையென்றால், மெஷின் அப்படி ஒன்று இருப்பதாகவே காட்டாது. பொருந்தும், வேலை செய்யாது. இதைச் சொல்லித் தரத்தான் அந்தப் பக்கமே. குச்சியை வாங்கும் முன் போர்டின் கையேட்டில் அந்தக் குழி எதை ஏற்கும் என்று பார்க்க வேண்டும், கையேடு இல்லையென்றால் மாடல் எண்ணை வைத்துத் தேட வேண்டும்.

என் மேசைக்கு வாரத்துக்கு ஒருவராவது இப்படி ஏமாந்து வருகிறார்கள். போன வாரம் வைத்திக்குப்பத்திலிருந்து ஒரு பெண், பூர்ணிமா என்று பெயர், மீன் விற்ற காசைச் சேர்த்து மகளின் லேப்டாப்புக்கு ஒரு குச்சி வாங்கினாளாம். பெட்டியைப் பிரித்துவிட்டதால் கடையில் திருப்பி எடுக்கவில்லை. "நல்லாத்தான் உக்காருதுண்ணே, அப்புறம் ஏன் காட்டல?" என்று கேட்டாள்.

சரியாக எழுதியிருக்க வேண்டியவன் நான். கோபத்தில் உங்களுக்குத் தர மாட்டேன் என்று வைத்துக்கொண்டேன். பிள்ளைகள் படிக்கும் புத்தகம் என்பதை நினைக்கவில்லை. என் தப்பு. இதற்கு மேல் உங்கள் காலிலும் விழ முடியாது. திருத்திவிடுங்கள்.

செம்மல்


மூலக்குளம்
24 ஜூலை 2024

செம்மல்,

உன் கடிதம் வந்தபோது நான் ஊரில் இல்லை. வந்து பார்ப்பதற்குள் இரண்டாயிரம் படி அடித்து, அட்டையும் ஒட்டியாகிவிட்டது. பள்ளிக்கும் அனுப்பிவிட்டார்கள்.

இப்போது எதுவும் செய்ய முடியாது. திருத்தச் சீட்டு ஒன்று அடித்து உள்ளே வைக்கலாமே என்று நிர்மலா சொன்னாள். யோசித்தேன். புத்தகம் வெளிவந்த மாதமே தப்பு என்று சீட்டு வைத்தால் கமலவேணி அம்மையார் என்னைப் பற்றி என்ன நினைப்பார்? தவிர, தெரியாமல் கேட்ட எனக்குத் தெரிந்தே தப்பாக எழுதித் தந்தவன் நீ. உன் கையெழுத்தில் என்னிடம் இருக்கிறது. நான் யாரிடமும் காட்டப் போவதில்லை. ஆனால் குற்றத்தை என் தலையில் மட்டும் வைக்காதே.

மறுபதிப்பு வந்தால் பார்க்கலாம். நேர்முகத் தேர்வுக்கு வாழ்த்துகள்.

கோபிநாத்


முதலியார்பேட்டை
25 ஆகஸ்ட் 2024

கோபிநாத்,

இந்தக் கடிதத்தில் உன்னை "நீ" என்றுதான் எழுதப் போகிறேன். பத்தாம் வகுப்பு வரை "டா" போட்டவன், உன்னிடம் சம்பளம் வாங்கத் தொடங்கிய நாளிலிருந்து "சார்" என்று மாற்றிக்கொண்டேன். யாரும் சொல்லவில்லை, நாக்கே மாற்றிக்கொண்டது. இனி உன்னிடமிருந்து எனக்கு வர வேண்டியது எதுவும் இல்லை.

குற்றம் உன்னுடையது மட்டும் இல்லை என்று எழுதியிருந்தாய். சரி. நான் அதை மறுக்கவில்லை. நூற்று எண்பது பக்கம் உண்மையாக எழுதினேன், அதில் உன் பெயர் இருக்கிறது. ஒரு வரி பொய்யாக எழுதினேன், அதிலும் உன் பெயர்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஒரு வரி எனக்கு எங்கே வந்து முட்டியது என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்த மாதம் பன்னிரண்டாம் தேதி நேர்முகம். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். கமலவேணி அம்மையார் நடுவில். அவர் முன்னால் உன் புத்தகம். அட்டை நன்றாக வந்திருக்கிறது. ஐ.டி.இ. கேட்டார்கள், சாட்டா கேட்டார்கள். வரப்பில் மூட்டை தூக்கும் கதையைச் சொன்னேன். "அப்படியே புக்குல இருக்கற மாதிரியே சொல்றீங்களே, நல்லா படிச்சிருக்கீங்க" என்று பாராட்டினார். நான் சிரித்தேன்.

அப்புறம் அவர் கட்டம் கட்டிய பக்கத்தைத் திருப்பினார்.

"எம்.டூ டிஸ்க் வாங்குறப்ப என்ன பாக்கணும், செம்மல்?"

"அந்த ஸ்லாட்டு சாட்டாவ ஏத்துக்குதா, என்.வி.எம்.இ.ய ஏத்துக்குதான்னு பாக்கணும் மேடம். ரெண்டுமே பாக்க ஒண்ணாத்தான் இருக்கும். உள்ள உக்காந்துட்டாலும்..."

"இருங்க இருங்க. இதுல அப்படி இல்லியே. வகை பார்க்க வேண்டியதில்லைன்னு போட்டிருக்கு." சான்றிதழை எடுத்து உன் பெயரைப் பார்த்தார். "நீங்க பதினாலு வருஷம் இவருகிட்டதான வேல பாத்தீங்க? இவரு எழுதுனது தப்புங்கறீங்களா?"

பக்கத்திலிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். அந்த நேரத்தில் என் மனசில் ஓடியதை அப்படியே சொல்கிறேன். தப்பு என்றால், இது யாருடைய புத்தகம் என்று சொல்ல வேண்டும். என்னுடையது என்றால், எனக்கு உரிமையில்லை என்று எழுதிக் கொடுத்த தாள் உன் அலமாரியில் இருக்கிறது. உன்னைப் பொய்யன் என்றால், நீ கொடுத்த சான்றிதழும் பொய்யாகிவிடும். வெளியே பெஞ்சில் இன்னும் ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள், எல்லோரும் முப்பது வயதுக்குள்.

"இல்லிங்க மேடம். அவரு எழுதுனதுதான் சரி. நான் பழைய போர்டுங்கள நெனச்சிச் சொல்லிட்டேன்" என்றேன். "பொருந்துனா வேல செய்யும்."

அவர் ஒரு டிக் அடித்தார்.

வேலை கிடைத்துவிட்டது. கலைமகள் கேசரி செய்து தெரு முழுக்கக் கொடுத்தாள். அப்பா எண்பது வயதில் புது வேட்டி கட்டிக்கொண்டு, "எம்மவன் வாத்தியாரு" என்று டீக்கடையில் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அன்று நான் பொய் சொன்னதை அவர்கள் யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன், ஏனென்றால் உன்னிடம் இழக்க எனக்கு மானம் ஒன்றும் பாக்கியில்லை.

போய்ச் சேர்ந்து ஒரு வாரம் ஆகிறது. நாற்பத்திரண்டு பிள்ளைகள். வில்லியனூர், பாகூர், கனகசெட்டிக்குளம் என்று எங்கிருந்தெல்லாமோ பஸ் ஏறி வருகிறார்கள். ஆளுக்கொரு புத்தகம். ஆண்டான் என்றும் அடிமை என்றும் சத்தம் போட்டுப் படிக்கிறார்கள். அதைக் கேட்டுக்கொண்டு நான் பலகையில் படம் வரைகிறேன். ஒரு பெண் எழுந்து, "சார், இந்த வார்த்தய யாரு சார் வச்சாங்க?" என்று கேட்டாள். வெள்ளைக்காரன் என்று சொல்லி உட்கார வைத்தேன்.

வருகிற செவ்வாய்க்கிழமை எம்.2 பாடம். புத்தகம் தப்பு என்று வகுப்பில் சொல்லக் கூடாது, பள்ளி ஒப்புக்கொண்ட புத்தகம். தேர்வுத்தாள் அதிலிருந்துதான் வரும். நான் சரியானதைச் சொன்னால் பிள்ளைகளுக்கு மதிப்பெண் போகும். புத்தகத்தில் உள்ளதைச் சொன்னால் நாளைக்குக் கடையில் உட்கார்ந்து இன்னொருத்தியின் மீன் காசை வீணாக்குவார்கள்.

அதனால் இரண்டையும் சொல்வதென்று முடிவு செய்திருக்கிறேன். கதவைச் சாத்திவிட்டு, "பரிட்சையில இத எழுதுங்க. மெஷின்ல இதச் செய்யுங்க. இது ரெண்டும் ஒண்ணு இல்லன்னு வெளிய மூச்சு விடாதீங்க" என்று சொல்லப் போகிறேன். எங்கள் சனம் அப்படித்தான் பிழைத்தது. உங்கள் வீட்டு வாசலில் ஒரு பேச்சு, எங்கள் அடுப்படியில் ஒரு பேச்சு. அது என்னோடு ஒழியட்டும் என்றுதான் நான் கணினி படித்தேன். செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு அதையே நாற்பத்திரண்டு பேருக்குச் சொல்லிக் கொடுக்கப் போகிறேன். என் பெயருக்குக் கீழே இப்போது பயிற்றுநர் என்று எழுதியிருக்கிறது.

செம்மல்